தூரிகையின் வாடகை

1985 ஜூலை 23 அன்று நியூயார்க் நகரத்தின் லிங்கன் சென்டரில் கமோடோர் நிறுவனம் தன் அமிகா கணினியை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அன்று மேடையில் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஓவியர் ஆண்டி வார்ஹோல். பாடகி டெபி ஹாரியின் முகம் காமிரா வழியாகத் திரைக்கு வந்தது. வார்ஹோல் சுட்டியைப் பிடித்து அம்முகத்தின்மேல் நிறங்களை ஊற்றினார். கூட்டம் கைதட்டியது. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த ஓவிய மென்பொருள் அப்போது விற்பனைக்குக்கூட வந்திருக்கவில்லை. அரைகுறையாக முடிந்த ஒரு முன்வடிவம். நிகழ்ச்சிக்குப் பிறகும் வார்ஹோல் அமிகாவில் சில படங்களை வரைந்து பார்த்தார். தன் புகழ்பெற்ற சூப்பு டப்பாவை மறுபடி தீட்டினார். போத்திசெல்லியின் வீனஸுக்கு மூன்றாவதாக ஒரு கண் வைத்தார். 1987இல் இறந்துபோனார். நெகிழ்வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரத்தில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவை கிடந்தன. கிடந்தன என்பதுதான் சரியான சொல். வட்டுகள் பத்திரமாக இருந்தன, ஆனால் அவற்றுள் என்ன இருக்கிறது என்று எவராலும் பார்க்க முடியவில்லை. 2011இல் கோரி ஆர்கேஞ்சல் என்ற கலைஞர் அந்தப் பழைய மேடைக் காட்சியின் பதிவைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, மற்றப் படங்கள் எங்கே என்று கேட்டார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தினர் வட்டுகளைச் சேதமின்றிப் படித்தெடுத்தார்கள். படித்தெடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. அந்த முன்வடிவ மென்பொருள் படங்களைச் சேமித்த முறை பின்னால் வந்த எந்த மென்பொருளுக்கும் புரியவில்லை. அந்த முறையையே எண் எண்ணாகத் துப்பறிந்து மீட்ட பிறகுதான் 2014இல் உலகம் அப்படங்களைக் கண்டது.

ஓலைச்சுவடியைப் படிப்பதற்கு அதை எழுதிய எழுத்தாணி நமக்குத் தேவைப்படுவதில்லை. செல்லரித்த ஏட்டை விளக்கருகே பிடித்து எழுத்துக்கூட்டிய உ.வே.சா.வுக்கு, ஏடு எழுதியவனின் எழுத்தாணிக்கு உரிமம் தீர்ந்துவிட்டதே என்ற கவலை இருந்ததில்லை. கணினியில் வரையப்பட்ட ஓவியம் அப்படியல்ல. அது தன்னை வரைந்த கருவியை எப்போதும் கூடவே கூட்டிக்கொண்டு திரிகிறது. கணினி ஓவியர்களும் அசைபடக் கலைஞர்களும் தமக்குப் பிடித்த மென்பொருள்களைப் பற்றி எழுதும்போது வசதிகளின் பட்டியலே பெரும்பாலும் வருகிறது: எத்தனை தூரிகைகள், எத்தனை அடுக்குகள், எவ்வளவு வேகம். அப்பட்டியல்களை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தக் கருவிகள் எங்கே பிறந்தன, யார் வீட்டில் வளர்ந்தன, யார் கையால் செத்தன என்பதும் கலை வரலாற்றின் பகுதிதான் என்று நினைக்கிறோம். இலக்கியம் படிப்பவர்கள் இதில் அக்கறை கொள்ளக் காரணம் இருக்கிறது. அதைப் போகிற போக்கில் சொல்வோம்.

வண்ணத்தில் வரையும் கணினிக் கருவிகளின் மூதாதை என்று 'சூப்பர்பெயின்ட்'டைச் சொல்லலாம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ரிச்சர்ட் ஷூப் என்பவர் 1972, 73ஆம் ஆண்டுகளில் உருவாக்கியது. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நினைவகத்தில் ஓர் எண்ணாக வைத்திருக்கும் ஏற்பாட்டை அவர் செய்தார். இன்று நம் கைப்பேசித் திரைவரை அடிப்படை அதுதான். ஒரே நேரத்தில் 256 நிறங்கள். தேர்ந்தெடுக்க ஒரு நிறத்தட்டு. தடித்தும் மெலிந்தும் தூரிகைகள். நிற அட்டவணையைச் சுழற்றி அசைவு என்ற பிரமையை உண்டாக்கும் உத்தியும் அதில் இருந்தது. 1974இல் வந்து சேர்ந்த ஆல்வி ரே ஸ்மித் அக்கருவியில் கிறங்கிப்போய் இரவு பகலாக வரைந்தார். 1975 தொடக்கத்தில் அவருக்கு வேலை போயிற்று. வருங்கால அலுவலகத்துக்கு நிறம் தேவையில்லை என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. நகலெடுக்கும் இயந்திரத்தால் செழித்த நிறுவனத்துக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்ததில் வியப்பில்லை. ஸ்மித் கிழக்கே போய் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மலுடன் சேர்ந்தார். அந்த வழி 1986இல் பிக்ஸாரில் முடிந்தது. 'சூப்பர்பெயின்ட்' கடைக்கு வரவேயில்லை.

வீட்டுக்கு வந்த கருவி கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. 1984இல் மெக்கின்டாஷ் கணினியோடு சேர்த்துத் தரப்பட்ட 'மேக்பெயின்ட்'. திரை 512 புள்ளி அகலம், 342 புள்ளி உயரம். சாம்பல் நிறம் கிடையாது. புள்ளிகளை நெருக்கியும் அகற்றியும் வைத்து நிழலை உண்டாக்க வேண்டும். புள்ளிக்கோலம் போட்ட கைகளுக்கு இது எளிதில் விளங்கும். இதை எழுதிய பில் அட்கின்சன் 2025இல் காலமானார். 2010லேயே இதன் மூலநிரலைக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் பொதுவில் வெளியிட்டுவிட்டது. ஒரு மென்பொருளை உரைநடைபோல வாசிக்கலாம் என்பதற்கு இன்றும் அதைச் சுட்டுகிறார்கள்.

ஃபோட்டோஷாப்பின் கதை ஊரறிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல் 1987இல் சும்மா எழுதத் தொடங்கிய நிரல். திரைப்படத் தந்திரக் காட்சிகள் செய்துகொண்டிருந்த தம்பி ஜான் நோல் அதை விற்கலாம் என்றார். 1990இல் அடோபி வெளியிட்டது. அதைத் திறக்கும்போது ஓடும் பெயர்வரிசையில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, யார் இவர் என்று உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் வியந்ததும், அவருக்கு ரசிகர்கள் முளைத்ததும் தனிக் கதை. நமக்கு இங்கே வேண்டியது வேறொன்று. 2013 மே மாதத்தில் அடோபி இனிமேல் தன் படைப்புக் கருவிகளின் புதிய பதிப்புகளை விலைக்கு விற்பதில்லை, மாதச் சந்தாவுக்கே தருவது என்று அறிவித்தது. அதுவரை ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய தூரிகை வீட்டில் கிடக்கும். அதன் பிறகு தூரிகைக்கு மாத வாடகை.

இனி ஃபிளாஷ். இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். இந்த வரலாற்றில் இதைவிடத் துயரமான பாத்திரம் இல்லை.

ஜோனதன் கே சிறுவயதில் கட்டடக் கலைஞனாக ஆசைப்பட்டவர். வீடு வரையலாம், ஆனால் கட்டிப் பார்க்க முடியாது. நிரலில் நினைத்ததைக் கட்டலாம், உடனே ஓடவிட்டும் பார்க்கலாம் என்று கண்டு அந்தப் பக்கம் போனார். பள்ளிப் பருவத்திலேயே மெக்கின்டாஷுக்கு விளையாட்டுகள் எழுதினார். 1993இல் நண்பர்களோடு ஃபியூச்சர்வேவ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, பேனாவால் திரைமேல் எழுதும் கணினிகளுக்காக 'ஸ்மார்ட்ஸ்கெட்ச்' என்ற வரைகருவியைச் செய்தார். அந்தப் பேனாக் கணினிகள் சந்தையில் நிற்காமல் 1994இல் கைவிடப்பட்டன. கருவி அநாதையாயிற்று. விண்டோஸுக்கும் மெக்கின்டாஷுக்கும் மாற்றினார்கள். அங்கே பெரிய கருவிகளின் காலடியில் அது நசுங்கியது. 1995இல் ஒரு கண்காட்சியில் பார்த்தவர்கள், இதை ஏன் அசைபடக் கருவியாக்கக்கூடாது என்று கேட்டார்கள். இணையம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. கருவியை விற்றுவிடலாம் என்று அடோபியிடம் போனார்கள். அடோபி வேண்டாம் என்றது. 1996 மே மாதத்தில் 'ஃபியூச்சர்ஸ்ப்ளாஷ் அனிமேட்டர்' வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேக்ரோமீடியா அதை வாங்கி ஃபிளாஷ் என்று பெயரிட்டது. வேண்டாம் என்ற அடோபி 2005இல் மேக்ரோமீடியாவையே விழுங்கிய விதத்தில் ஃபிளாஷ் அதனிடமே போய்ச் சேர்ந்தது.

அது ஏன் அவ்வளவு விரும்பப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். புள்ளிகளால் ஆன படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அனுப்ப வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியே இரைந்துகொண்டு இணையத்துக்குப் போன அந்நாட்களில் ஒரு நிமிட அசைபடம் என்பது பேராசை. ஃபிளாஷ் கோடுகளைக் கணக்காக வைத்துக்கொண்டது. இங்கிருந்து இங்கே வளைந்து போகும் ஒரு கோடு, உள்ளே இன்ன நிறம் என்ற குறிப்பு மட்டும்தான் கம்பியில் போகும். படத்தைப் பார்ப்பவரின் கணினி அங்கேயே வரைந்துகொள்ளும். முதல் சட்டகத்தில் கை கீழே, இருபதாவது சட்டகத்தில் கை மேலே என்று வைத்துவிட்டால் இடைப்பட்ட அசைவைக் கருவியே நிரப்பித் தரும். ஒருமுறை வரைந்த மரத்தை நூறு இடத்தில் நடலாம், கோப்பு பருக்காது. பழைய அசைபடக் கூடங்களில் இடைச் சட்டகங்களை வரைவதற்கென்றே ஒரு படை இருந்தது. அந்தப் படையைத் தனியொருவரின் மேசைக்குள் அடக்கியதுதான் ஃபிளாஷின் சாதனை. தலைமை ஓவியரின் அசைவு நயம் அதில் வராது என்று மரபினர் முகம் சுளித்தார்கள். உண்மைதான், காகித பொம்மை அசைவதுபோலத்தான் இருக்கும். ஆனால் தோல்பாவைக் கூத்திலும் அப்படித்தானே அசைகிறது?

தோல்பாவை என்றதும் நினைவுக்கு வர வேண்டியவர் நீனா பேலி. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர். 2002இல் கணவரின் வேலை காரணமாகத் திருவனந்தபுரத்துக்கு வந்து, இங்கே இராமாயணத்தைப் படித்தார். சிறிது காலத்தில் கணவர் மின்னஞ்சல் வழியே மணவாழ்வை முடித்துக்கொண்டார். கைவிடப்பட்டவளின் பார்வையில் சீதையின் கதையைப் பெரும்பாலும் ஃபிளாஷைக் கொண்டு, பெரும்பாலும் தனியாளாக, வீட்டுக் கணினியில் வரைந்தார். 82 நிமிடம் ஓடும் 'சீதா சிங்ஸ் த புளூஸ்' 2008இல் பெர்லின் திரைவிழாவில் காட்டப்பட்டது. நிழற்பாவைகளின் குரலில் மூன்று இந்திய நண்பர்கள் கதையைத் தப்பும் தவறுமாக நினைவுகூர்ந்து தமக்குள் விவாதிக்கிறார்கள். சீதை 1920களில் அனெட் ஹான்ஷா பாடிய பாடல்களைப் பாடுகிறாள். படத்தை இந்துக்கள் சிலர் எதிர்த்தனர், இராமனைக் கேலி செய்கிறது என்றனர். இராமாயணத்தைப் பெண்ணின் குரலில் சொல்லும் நம் நாட்டுப்புற மரபுகளை அறிந்தவர்களுக்கு அந்த எதிர்ப்பு அவ்வளவு வலுவாகத் தோன்றாது.

படத்தை முடக்கியது பக்தி அல்ல, பதிப்புரிமை. எண்பது ஆண்டுப் பழைய பாடல்களின் இசையமைப்புக்கு உரிமையாளர்கள் இன்னும் இருந்தார்கள். பேலி கடன் வாங்கி 50,000 டாலர் கட்டிப் படத்தை மீட்டார். பிறகு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று படத்தை இலவசமாக இணையத்தில் விட்டார். 2013இல் எஞ்சியிருந்த நிபந்தனைகளையும் துறந்தார். ஃபிளாஷில் தான் வரைந்த மூலக்கோப்புகளையும் இணைய ஆவணக்காப்பகத்தில் வைத்தார். இங்கேதான் நகைமுரண். கோப்பு எல்லோருக்கும் சொந்தம். அதைத் திறக்கும் கருவி ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம்.

ஃபிளாஷின் முடிவு மெதுவாக வந்தது. 2007இல் வந்த ஐஃபோன் அதை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம் ஃபிளாஷ் மூடிய மென்பொருள், பாதுகாப்பற்றது, மின்கலத்தைத் தின்கிறது, தொடுதிரைக்கு ஆகாது என்று குற்றப்பத்திரிகை வாசித்தது. சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மை. தன் கடையைப் பூட்டி வைத்திருப்பவர் அடுத்தவர் கடையின் பூட்டைப் பற்றிப் பேசியதுதான் உறுத்தல். படம் வரையும் கருவி 2016இல் 'அனிமேட்' என்று பெயர் மாறிப் பிழைத்துக்கொண்டது. படங்களை உலாவியில் ஓட்டிக்காட்டும் 'பிளேயர்' 2020 டிசம்பர் 31 அன்று கைவிடப்பட்டது; 2021 ஜனவரி 12 முதல் தன்னிடம் வரும் படங்களை அதுவே ஓட்ட மறுத்தது. கால் நூற்றாண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகளும் வேலையற்ற ஓவியர்களும் வரைந்து குவித்த குறும்படங்களும் விளையாட்டுகளும் ஒரே நாளில் சாம்பல் நிறப் பெட்டிகளாயின. எல்லாம் பேரிலக்கியம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை குப்பை. ஆனால் ஒரு தலைமுறையின் கையெழுத்து அதில் இருந்தது.

முழுதாக அழியாமல் காத்தவர்கள் தன்னார்வலர்கள். 2018இல் தொடங்கிய 'ஃபிளாஷ்பாயின்ட்' திட்டத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளையும் அசைபடங்களையும் திரட்டி வைத்தார்கள். 'ரஃபிள்' என்ற திறமூலக் கருவி ஃபிளாஷின் நடத்தையைப் புதிதாக நடித்துக்காட்டுகிறது. அதைக் கொண்டு இணைய ஆவணக்காப்பகம் 2020 நவம்பரிலிருந்து பழைய அசைபடங்களை மறுபடி ஓடவிட்டது.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று சொல்வதாகச் சொன்னோம். நம் சிற்றிதழ்கள் பலவும் தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில்தான் பக்கம் கட்டின. ஆல்டஸ் என்ற நிறுவனம் 1985இல் வெளியிட்ட கருவி; 1994இல் அடோபியிடம் போயிற்று; 2004இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. ஒருங்குறி வராத காலம். அச்சகத்துக்கு அச்சகம் வேறு எழுத்துரு, எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு குறிமுறை. அந்தக் கோப்பை இன்று திறக்க முயன்றால் கருவி இராது. கருவி கிடைத்தால் எழுத்துரு இராது. இரண்டும் இல்லாமல் திறந்தால் கவிதை இருந்த இடத்தில் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகக் கிறுக்கல் தெரியும். அச்சுப் பிரதி கிடைத்தால் பிழைத்தோம். உண்மையில் நூறாண்டுப் பழைய அச்சுப் புத்தகம் அந்தப் பேஜ்மேக்கர் கோப்பைவிடப் பத்திரமாக இருக்கிறது.

எதிர்த்திசையில் ஓடிய கதை ஒன்று உண்டு, பிளெண்டருடையது. நெதர்லாந்தில் நியோஜியோ என்ற அசைபடக் கூடத்தை நடத்திய டான் ரூசெண்டால், தம் கூடத்தின் தேவைக்காக 1994 வாக்கில் எழுதத் தொடங்கிய முப்பரிமாணக் கருவி அது. 1998இல் இதற்கென்றே 'நாட் எ நம்பர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கருவி இலவசம், சேவைக்கும் துணைப் பொருளுக்கும் காசு என்பது ஏற்பாடு. இணைய வணிகக் குமிழி ஊதிப் பெருத்த காலம். நாற்பத்தைந்து லட்சம் யூரோ முதலீடு வந்தது, ஐம்பது பேர்வரை வேலை பார்த்தார்கள். குமிழி உடைந்தது. 2002 தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் கடையை மூடினார்கள். மூடப்போகிறார்கள் என்று தெரிந்த நாட்களில் ஊழியர் ஒருவர் கடைசி முத்திரையாகக் கருவிக்குள் ஒரு குரங்கின் தலையைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனார். சூசன் என்ற அந்தக் குரங்கு இன்றும் உள்ளே இருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் ஒளியையும் நிழலையும் பழகுவது அதன் முகத்தில்தான்.

மூடிய கடையின் மூலநிரல் முதலீட்டாளர்களின் சொத்து. எழுதியவருக்கே உரிமையில்லை. ரூசெண்டால் அவர்களிடம் விலை கேட்டார். ஒரு லட்சம் யூரோ என்றார்கள். 2002 ஜூலை 18 அன்று பயனர்களிடம் கையேந்தினார். ஏழே வாரங்களில் பணம் சேர்ந்துவிட்டது. கூட்டாக நிதி திரட்டும் இணையத்தளங்கள் பெருகுவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கருவியால் ஒரு காசும் சம்பாதிக்காத ஆர்வலர்கள். 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டரின் மூலநிரல் குனு பொது உரிமத்தில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. பத்திரப்பதிவு செய்து ஊர்ப் பொதுவுக்கு விட்ட குளம் மாதிரி: எவரும் அள்ளலாம், எவரும் தூர்வாரலாம், எவரும் விற்றுவிட முடியாது.

இலவசக் கருவி என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணம் அப்போது தொழில்முறைக் கூடங்களில் வலுவாக இருந்தது. பிளெண்டரின் இடைமுகமும் அந்த எண்ணத்துக்குக் கைகொடுத்தது, அவ்வளவு முரட்டுத்தனம். இதற்கு அவர்கள் கண்ட வழி கருவியைக் கொண்டே படமெடுப்பது. ஆம்ஸ்டர்டாமில் கலைஞர்களையும் நிரலாளர்களையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்து, படத்துக்குத் தேவைப்பட்டதைக் கருவியில் அன்றன்றைக்குச் சேர்த்தார்கள். 2006இல் 'எலிஃபென்ட்ஸ் ட்ரீம்', 2008இல் 'பிக் பக் பன்னி', 2010இல் 'சின்டெல்'. முதற்படம் கதையாகத் தேறாது என்பது நம் எண்ணம், 'சின்டெல்' தேறும். படங்களை மட்டுமன்றி அவற்றை உருவாக்கிய கோப்புகளையும் பொதுவில் வைத்தார்கள். 2019இல் வந்த 2.80 பதிப்பு முரட்டுத்தனத்தைக் களைந்தது.

லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதே 2019இல் 'அவே' என்ற முழுநீள அசைபடத்தைத் தனியாளாக, மாயா என்ற விலையுயர்ந்த கருவியில் செய்து முடித்திருந்தார். அடுத்த படத்துக்குப் பிளெண்டருக்கு மாறினார். வரைந்த காட்சி ஒளியோடும் நிழலோடும் உடனுக்குடன் திரையில் தெரிவது அவரை ஈர்த்தது. வெள்ளத்தில் மூழ்கும் உலகில் படகொன்றில் ஒண்டிக்கொள்ளும் பூனையையும் பிற விலங்குகளையும் பற்றிய 'ஃப்ளோ' 2024இல் வந்தது. படத்தில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. 2025 மார்ச்சில் பிக்ஸாரின் 'இன்சைட் அவுட் 2', டிரீம்வொர்க்ஸின் 'த வைல்ட் ரோபாட்' ஆகியவற்றைத் தாண்டிச் சிறந்த அசைபடத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. பூனையின் ரோமம் ஹாலிவுட் பூனைகளின் ரோமம்போல இழையிழையாக இல்லை, உண்மை. அதன் நடையைப் பார்த்தவர்கள் ரோமத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஜப்பானில் கிப்லி கூடம் 'பிரின்சஸ் மோனோனொகே' (1997) காலத்திலிருந்து பயன்படுத்திவந்த இத்தாலியக் கருவி 'டூன்ஸ்'. 2016 மார்ச்சில் அதை வாங்கிய டுவாங்கோ நிறுவனம், கிப்லிக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களோடு 'ஓப்பன்டூன்ஸ்' என்று திறந்துவிட்டது. மியாசாகியின் கூடத்தில் புழங்கிய கருவி என்று கேள்விப்பட்டு இறக்கிக்கொண்ட மாணவர்கள், மியாசாகி மட்டும் அதில் வரவில்லையே என்று வருந்தியிருக்கக்கூடும்.

திறமூலம் சாகாவரம் என்று நாம் கருதவில்லை. ஃபோட்டோஷாப்பில் தொண்ணூறுகளில் சேமித்த கோப்பை அதே நிறுவனத்தின் இன்றைய பதிப்பு திறந்துவிடுகிறது. அந்தப் பொறுப்புணர்வைப் பாராட்டத்தான் வேண்டும். மாறாக, பிளெண்டர் 2.80இல் பழைய ஒளியூட்டு இயந்திரத்தையும் விளையாட்டு இயந்திரத்தையும் அடியோடு எடுத்துவிட்டார்கள். 'பிக் பக் பன்னி'யின் மூலக்கோப்பை இன்றைய பிளெண்டரில் திறந்தால் 2008இல் தெரிந்த முயல் தெரியாது. வேறுபாடு ஒன்றுதான். பிளெண்டரின் பழைய பதிப்புகள் அதன் தளத்தில் வரிசையாக இன்னும் இருக்கின்றன. முயலைப் பழையபடி பார்க்க விரும்புகிறவர் அந்த ஆண்டின் பதிப்பை இறக்கி, அது ஓடக்கூடிய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்தால் போதும். கணினி கிடைக்காமல் போனால் மூலநிரல் இருக்கிறது. பொறுமையுள்ள எவரும் புதிய கணினிக்கு ஏற்றபடி அதை மறுபடி எழுதிக்கொள்ளலாம்.